ஏரிக்கரையில் மூச்சு வாங்கிய குதிரை

இரும்புலியூரில் என் கிளினிக்குக்கு வருவதெல்லாம் நாயும் பூனையும்தான். குதிரைக்காக என்னை முதலில் கூப்பிட்டவர் பெருங்களத்தூர்க்காரர் ஒருவர். அவர் குடும்பத்து வயல்களில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற பெண்குதிரை ஒன்றை ஆசையாக வாங்கி, வீட்டையொட்டிய காலி மனையில் கொட்டகை போட்டு வைத்திருந்தார்.

"ஏரிக்கரையில கொஞ்ச தூரம் ஓடுனாலே நின்னுடுது டாக்டரம்மா. சத்து பத்தலையோன்னு கொள்ளும் வெல்லமும் கூட்டிப் போட்டுகினு கீறேன்."

குதிரை பளபளவென்று இருந்தது. விலாவைத் தடவினேன், எலும்பு விரலுக்கு அகப்படவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னேன். திரும்பி வந்து வெகுநேரமாகியும் நெஞ்சுத் துடிப்பு தணியவில்லை. கையோடு கொண்டுபோன ஸ்கேன் கருவியைப் புட்டத்தில் வைத்ததும், தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாகத் தெரிந்தது.

"அண்ணா, ஓடுறது சதைதான். மூச்சுக் காத்த வாங்கிச் செலவு பண்றதும் அதுதான். கொழுப்பு வெறும் சுமை. தீனியக் குறைச்சு தினமும் நடக்க வைங்க."

"இளைச்சுப் போனா பாக்குறவங்க இன்னா சொல்வாங்க?" என்றார். ஆனாலும் குறைத்துப் பார்த்தார். பசியில் அது வாளியை உதைத்துக்கொண்டே இருக்க, அவர் மனைவிக்குத் தாங்கவில்லை. அவரும் பழையபடி கொள்ளும் வெல்லமும் போட ஆரம்பித்தார். நடக்கவைக்கவும் வழியில்லாமல் போனது. ஏரிக்கரைப் பாதையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஹாரனுக்கு மிரண்டது. கொட்டகையிலேயே நின்றது.

ஒருநாள் காலை போன் வந்தது. போய்ப் பார்த்தால், முன்கால்களை ஊன்ற முடியாமல் பின்னுக்குச் சாய்ந்து நின்றிருந்தது. குளம்புகள் சுட்டன. கொழுத்த குதிரைகளுக்கு வரும் குளம்பு வீக்கம். வலிக்கு மருந்து கொடுத்து, காலடியில் மணல் பரப்பச் சொன்னேன்.

"இப்ப நடக்க விடவே கூடாது அண்ணா."

"நடந்தாதான் கொழுப்பு கரையும்னீங்களே."

"ஆமா."

"அப்ப இன்னாதான் பண்றது?"

குதிரை வைத்தியத்தில் பழகிய மூத்த டாக்டர் ஒருவரை வரவழைத்தேன். அவரும் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, பொறுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். மழை தொடங்கியபோது அது படுத்துவிட்டது. குளம்புக்குள் எலும்பு இறங்கியிருந்தது; இனி தேறாது.

கடைசி ஊசியை நான்தான் போட்டேன். அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கணும்னுதான் தீனி போட்டேன்," என்றார்.

"தெரியும் அண்ணா."

மனையின் மறுபக்கத்தில் குழி தோண்டத் தொடங்கினார்கள். பையை மூடிய பிறகும், அங்கிருந்து போக முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.