மீன்தொட்டியில் எஸ்டேட் சுண்ணாம்பு

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர். வீட்டு மீன்தொட்டியில் மீன்களோடு நத்தைகளும் வேலம்பாசி என்ற நீர்ச்செடியும் வளர்த்தோம். எங்கள் ஊற்றுத் தண்ணீரில் கால்சியம் குறைவு. தொட்டி நத்தைகளின் ஓடு அரித்து வெளுத்தது. காப்பித் தோட்டத்து மண்ணுக்கு நீற்றிய சுண்ணாம்பை அளந்து கொடுப்பவன் நான். அந்தத் தைரியத்தில் தொட்டியிலும் ஒரு கரண்டி கரைத்தேன்.

சற்று நேரத்தில் என் மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுங்க."

டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளிக் குடத்துத் தண்ணீரில் விட்டாள். இரண்டு செத்தன, மற்றவை பிழைத்தன. "மண்ணுக்குப் போடறத மீனுக்குப் போட்டாத் தாங்குமுங்களா?" என்றாள்.

இப்போது கழுவிக் காயவைத்த முட்டையோட்டைத் துணியில் கட்டித் தொட்டியில் போடுகிறோம். அது மெதுவாகத்தான் கரைகிறது, சுண்ணாம்பு போலத் தண்ணீரைச் சட்டென்று காரமாக்குவதில்லை. நத்தை ஓடு தேறிவிட்டது. நான் எஸ்டேட்டிலிருந்து வந்து கையைக் கழுவினால்தான் மனைவி என்னைத் தொட்டிப் பக்கமே விடுகிறாள்.