மிஞ்சிய பெயிண்டில் எட்டுப் பட்டைகள்

அன்று நான் அடம்பிடிக்காமல் இருந்திருந்தால், அந்தக் கடலைக்கார அக்கா வழக்கம்போல் ஓடியே சாலையைக் கடந்திருப்பாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

நெடுஞ்சாலைகளில் வெள்ளைக்கோடு போடுவது அப்பாவின் வேலை. கோடை விடுமுறையில், அம்மாவும் வேலைக்குப் போகும் நாட்களில், ஸ்ரீராம்புரம் வீட்டிலிருந்து என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். கோலார் பக்கம் ஒரு வளைவில் அந்த அக்கா கடலை வறுத்து விற்றார். தண்ணீர்க் குழாய் எதிர்ப்பக்கம் இருந்தது. குடத்தோடு இருபுறமும் பார்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

பள்ளியில் அப்போதுதான், நடப்பவர்கள் சாலையைக் கடக்கப் போடும் வரிக்குதிரைக் கோடு பற்றிப் படித்திருந்தேன். அதை இங்கே போடச் சொல்லி அப்பாவை அரித்தெடுத்தேன்.

“பிளான்ல இல்லாததப் போட்டா மேஸ்திரி என்னையும் கடலை மாதிரி வறுத்துடுவாரு பாப்பா” என்றார்.

ஆனால் கோடு போடக் காய்ச்சிய பெயிண்ட் மிஞ்சினால் வீண்தான்; மறுபடி காய்ச்சினால் மஞ்சளாகிவிடும். ஒரு சாயங்காலம் அரைச் சட்டி மிஞ்சியது. மேஸ்திரி கிளம்பியதும் அப்பா கயிறு பிடித்து எட்டுப் பட்டைகள் போட்டார். நான் அக்காவுக்குக் கன்னடத்தில் பாடமே நடத்தினேன்: இனி ஓட வேண்டாம், இதன்மேல் நடந்தால் லாரி நின்றே ஆக வேண்டும். டீச்சரம்மா சொன்னால் சரி என்று அக்கா சிரித்து, என் கை நிறையக் கடலை கொட்டினார். மறுநாள் நடந்தே போனார். ஒரு கார் நிற்கவும் செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் அவருடைய இடம் காலியாக இருந்தது. அக்கா ஊருக்குப் போய்விட்டதாக அப்பா சொன்னார். பிறகு கறுப்புப் பெயிண்டோடு குந்தி உட்கார்ந்து, பட்டைகளை ஒவ்வொன்றாக மூடினார்.

“நல்லா இருந்தத ஏம்பா கெடுக்கிறீங்க?”

அவர் நிமிரவில்லை. தோள்கள் குலுங்கின, வெயில் களைப்பு என்று நினைத்தேன். வீடு வரும்வரை பேசாமல் இருந்து அவரைத் தண்டித்தேன்.

அக்கா அந்தப் பட்டைகளின் மேல்தான் லாரியில் அடிபட்டு இறந்தார் என்பதை, அப்பா காலமான பிறகுதான் அம்மா சொன்னார். “உங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. பீன்யா பக்கம் பெரிய சாலையைத் தாண்டித்தான் பள்ளி. கோட்டில் நடந்தால் வண்டி நிற்கும் என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். “நிக்கும்தானேம்மா?” என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றால், வேறு எங்கே கடக்கச் சொல்வது? உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.