வட்டம் முழுக்க ஒரே நிறம்

அப்புத்தளைக்குக் கீழே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே ரவுட்டர் வேலைக்குப் போக வேண்டி வந்தது. பதுளையில் நான் வேலை பார்க்கும் கணினிக் கடைக்குத் தோட்ட ஆபீஸிலிருந்து அழைப்பு. இன்டர்நெட் இழுத்துக்கொண்டு கிடக்கிறதாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் வாசிகசாலையில் உட்கார்ந்து வீடியோ பார்த்தே எல்லாவற்றையும் தின்றுவிடுகிறார்கள், அதை அளந்து காட்டு என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை. அளப்பதற்கு முன்பே தீர்ப்பு முடிந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் அக்கா மகள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். லயத்தில் சிக்னல் கிடையாது. வாசிகசாலைக் கணினியில் வரும் இரசாயனவியல் வகுப்பை விட்டால் அவளுக்கு வேறு வழியும் கிடையாது.

ரவுட்டரிலிருந்து ஆபீஸுக்கு ஒரு கம்பி, வாசிகசாலைக்கு ஒன்று, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் பங்களாவுக்கு ஒன்று. ஒவ்வொரு கம்பியும் செருகியிருக்கும் வாயிலில், அதாவது இன்டர்ஃபேஸில், தனித்தனியாகக் கண்காணிப்பைப் போட வேண்டும். போடாத இடத்தில் என்ன ஓடினாலும் கணக்கில் வராது. நான் மூன்றிலும் போட்டேன். சில நாள் ஓடவிட்டுப் பார்த்தால், பெரும்பங்கு பங்களாப் பக்கம். வாசிகசாலையின் பங்கு, வட்டப்படத்தில் தேடிப் பார்க்க வேண்டிய கீற்று.

தொரை அதை நெடுநேரம் பார்த்தார். விருந்தினர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது மரியாதையில்லை என்றார். என்ன பார்க்கிறார்கள் என்பதல்ல, எவ்வளவு என்பதுதான் இதில் தெரியும் என்று விளக்கினேன்.

“பங்களாக் கணக்க எடுத்திரு. ஆபீஸும் வேணாம். வாசிகசாலைப் பக்கம் மட்டும் போதும்,” என்றார்.

முடியாது என்றேன். அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. பதுளைக்குத் தொலைபேசியில் பேசினார். என் முதலாளி கடையில் இருந்தபடியே இரண்டு இடத்திலும் கண்காணிப்பை எடுத்துவிட்டார்.

அடுத்த படத்தில் வட்டம் முழுக்க வாசிகசாலையின் நிறம். அதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பெரிதாக அச்சடித்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் பார்க்க ஒட்டினார்கள். அன்றைக்கே வாசிகசாலைக் கம்பியைக் கழற்றினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு லயத்துக்குப் போனேன். அக்கா தன் மகளை அடித்திருந்தாள். நடந்ததை நான் சொல்லத் தொடங்குமுன் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, நாங்க பாடம் மட்டுந்தான் பாத்தோம். அதுவே இம்புட்டு ஆகும்னு தெரியல. தொரைகிட்ட மன்னிப்புக் கேட்டா திரும்பக் குடுப்பாங்களா?”