காலி அறையும் அமெரிக்க வீட்டுக்காரரும்

இரண்டாயிரங்களின் நடுவில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. விடுதியைக் காலி செய்ய வேண்டி வந்ததால், மதுரைக்காரத் தோழி ஒருத்தியின் அறையில் ஒண்டிக்கொண்டேன். அவள் கிறிஸ்தவப் பெண். வீட்டுக்காரர் அங்கிருந்த அமெரிக்க ராணுவ முகாமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அமெரிக்கர். ஞாயிறுதோறும் கீழ்த்தளத்தில் ஜெபக்கூட்டம் நடத்துவார்.

மாடியில் பக்கத்து அறை காலியாகக் கிடந்தது. எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். என் முக்காட்டைப் பார்த்தார்.

“உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இது ஜெபம் நடக்கிற வீடு. இங்கே யாரைக் குடிவைப்பது என்பது என் மனசாட்சியின் உரிமை. எங்கள் நாட்டில், மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டு அதைப் பறித்துவிட்டார்கள். இங்கேயும் இப்போது அதே பேச்சு.”

மாதக் கடைசி வரை விருந்தாளியாக இருக்கலாம் என்றார். வேறு இடம் தேடி அலைந்தேன். தொலைபேசியில் வரச் சொல்பவர்கள், நேரில் பார்த்ததும் அறை போய்விட்டது என்பார்கள். தெருவில் நிற்கப்போகிறோம் என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

அப்படி ஒரு வீட்டில் கதவு சாத்தப்பட்டுத் திரும்பிய மாலை. குளிர்காலம், சீக்கிரமே இருட்டிவிட்டது. டிராமிலிருந்து என்னோடு மூன்று வாலிபர்கள் இறங்கினார்கள். பின்னாலேயே வந்தார்கள். முதலில் சிரிப்பு, பிறகு ‘நாட்டை விட்டு வெளியே போ’ என்ற கத்தல். வேகமாக நடந்தேன், அவர்களும் வேகமாக நடந்தார்கள். ஒருவன் முக்காட்டைப் பிடித்து இழுத்தான். அதில் குத்தியிருந்த ஊசி கழுத்தில் கீறியது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. வீட்டு வாசலில் சாவி கை நழுவிப் பனியில் விழுந்துவிட்டது. கதவை உள்ளங்கையால் அடித்தேன். காலடிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிய வீட்டுக்காரர், என்னை உள்ளே தள்ளிவிட்டு வாசலை மறித்து நின்றார். “இவள் என் வீட்டுப் பெண். தைரியமிருந்தால் என்னைத் தாண்டிப் போங்கள்” என்று அரைகுறை ஜெர்மனில் அதட்டினார். அவர்கள் முணுமுணுத்தபடி விலகிப் போனார்கள். உள்ளே வந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“இனிமே ரூம் உனக்குத்தான்டி, பாரேன்” என்றாள் தோழி. நானும் நம்பினேன். மறுநாள் வீட்டுக்காரரிடம் அறையை மீண்டும் கேட்டேன்.

இல்லையென்று தலையசைத்தார். “ஆபத்தில் வருபவருக்குக் கதவு திறப்பது என் விசுவாசம். யார் குடியிருப்பது என்று முடிவு செய்வதும் என் விசுவாசம்தான். மன்னியுங்கள்.”

மாதக் கடைசியில், ஊருக்கு வெளியே கிடைத்த ஓர் அறைக்குக் கிளம்பினேன். என் பெட்டியை அவரே டிராம் வரை தூக்கி வந்தார்.

இன்றும் தொழுதபின் நான் கேட்கும் துஆவில் அவர் இருக்கிறார். ஆனாலும் வாடகைக்குக் கேட்டுப் புது வீட்டுக் கதவைத் தட்டும்போது அந்தப் பயம் எழும். கெட்டவர்களிடமிருந்து ஒரு நல்லவர் என்னைக் காப்பாற்றினார். அந்த நல்லவரே அறை ‘இல்லை’ என்று சொல்லும்போது என்னைக் காப்பாற்றத்தான் சட்டம் வேண்டும் என்பதை அவரிடமே கற்றேன்.