விசிலுக்கு மன்னிப்பு கேட்க முடியாது

மலாவிக்குத் தொண்டு செய்யப் போகிற பெண் கபடி மைதானத்தில் விசில் அடிக்கலாமா? போன கோடையில், சேலம் சூரமங்கலத்து ரயில்வே லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன மாதா கோயிலில் இதைவிடப் பெரிய கேள்வி எதுவும் கிடையாது. மழை இல்லை, மாம்பழம் விலை ஏறிக் கிடக்கிறது, அதையெல்லாம் யார் பேசினார்கள்? எல்லார் வாயிலும் ஜாக்குலின்தான்.

ஜாக்குலின், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஞானதாஸின் ஒரே மகள். முப்பதை நெருங்குகிறாள். கல்யாணப் பேச்சோடு வந்தவர்கள் காபி குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். அவளுக்கு வேலை, செயற்கைக் கால் செய்யும் கூடத்தில். கால் போனவர்கள் வருவார்கள். வெட்டியது போக மிச்சமிருக்கும் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுப்பாள். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைச் சூடாக்கி அச்சின் மேல் படியவைத்துக் கால் செய்வாள். மாட்டிவிட்டு நடக்கவும் பழக்குவாள். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த அவளுடைய அத்தை ஆரோக்கியம், இன்றைக்கு நாலு தெரு நடந்து ஊர்வம்பு பேசுகிறாள் என்றால் அது ஜாக்குலின் செய்து கொடுத்த கால்தான். அந்தப் புண்ணியத்தின் பலனைப் பிறகு ஜாக்குலினே நன்றாக அனுபவித்தாள்.

ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. கால் செய்யத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் வேலை செய்ய அவள் பெயர் கொடுத்திருந்தாள், அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் நற்சான்று தர வேண்டும், ஊர் கூடி வழியனுப்புப் பூசை வைக்க வேண்டும், அது மட்டும்தான் பாக்கி. ஆகஸ்டில் விமானம். நடுவில் ஒரு கோடை முழுசாகக் கையில் இருந்தது.

வேறு யாராவது என்றால் அதை ஜெபத்திலும் பெருமூச்சிலும் கழித்திருப்பார்கள். ஜாக்குலின் கபடிக்குப் போனாள்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் பெண்களுக்கென்று ஒரு கபடி அணி வைத்திருக்கிறார். மஞ்சமண்டி டீம் என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். கேப்டன் தமிழினி ரைடு போனால் எதிரணிக்காரிகள் பின்வாங்கிக்கொண்டே இருப்பார்கள். கோடை முழுக்கத் திருவிழாக்கள், ஊருக்கு ஊர் போட்டிகள். அணியோடு ஒரு வேன் நிறைய ரசிகைகளும் கிளம்புவார்கள். ராசிபுரம், ஆத்தூர், தம்மம்பட்டி, அரூர் என்று ஜாக்குலின் ஒன்றையும் விடவில்லை. ஒருமுறை தரங்கம்பாடி வரை போய் முதல் தடவையாகக் கடலில் காலை நனைத்துவிட்டு வந்தாள். வழியில் நுங்கு, திரும்பும்போது சேலத்துத் தட்டுவடை செட், தொண்டை கட்டும் வரை கத்தல். வேன் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்து மலாவிக்காரர்களின் மொழியும் படித்தாள். அதில் அவள் முதலில் தேடிப் பிடித்த சொல் 'யெண்டானி'. நடங்க என்று அர்த்தம். அங்கேயும் மரியாதைக்குச் சொல்லின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கிறார்கள், நம் 'ங்க' மாதிரி என்று தெரிந்ததும், அந்த ஊர் அவளுக்குப் பாதி சொந்தமாகிவிட்டது.

வினை, அணியின் சட்டையில் இருந்தது. மஞ்சள் மண்டி ஆயிற்றே என்று மஞ்சள் நிறத்தில்தான் சொல்லியிருந்தார்கள். திருப்பூரிலிருந்து வந்து இறங்கியதோ அசல் காவி. திருப்பி அனுப்ப நேரமில்லை. அந்தக் காவியைப் போட்டு முதல் கோப்பையை ஜெயித்ததும் ராசியான நிறம் என்று அதையே வைத்துக்கொண்டார்கள். ரசிகைகளுக்கும் அதே சட்டைதான்.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் காவி உடுத்துவார்கள். வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ நடந்தே போவார்கள். அப்படிப் போகிறவரை நிறுத்தி எங்கே, ஏன் என்று கேட்கக் கூடாது. தண்ணீரோ மோரோ கொடுத்து, நம் வேண்டுதலையும் ஒரு மெழுகுத்திரியையும் கையில் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு நாள் விடியற்காலையில் முதுகில் பையும் மேலே காவிச் சட்டையுமாக ஜங்ஷன் பக்கம் நடந்துகொண்டிருந்த ஜாக்குலினை ஆரோக்கியம் அத்தை பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நேராகப் பால் பூத்துக்குப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள், மலாவிக்குப் போகுமுன் ஜாக்குலின் ஊர் ஊராக நடந்து மாதா கோயில்களைத் தரிசிக்கிறாள் என்று கோயில் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

ஜாக்குலின் மறைத்தாளா என்றால், இல்லவே இல்லை. முதலில் மோரோடு வந்து நின்றது பிரான்சிஸ், பங்குப் பேரவைச் செயலாளர்.

"மாமா, நான் கபடி பாக்கப் போறனுங்க," என்றாள்.

பிரான்சிஸ் அவளைப் பூரிப்போடு பார்த்தார். "நேர்ச்சையை வெளிய சொல்லக் கூடாதுல்ல கண்ணு, எனக்குத் தெரியாதா? எங்க ஆண்ட்ரூஸ் படிச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கான். அவனுக்கு ஒரு வேலை கிடைக்கணும்னு மாதாகிட்ட சொல்லு சாமி." மெழுகுத்திரியைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் சொல்லச் சொல்ல, அடக்கத்தைப் பாரு என்று இன்னும் அதிகமாகக் கொண்டாடினார்கள். மெழுகுத்திரிகள் குவிந்தன. வாங்கியதைச் சும்மா வைத்திருக்க அவளுக்கு மனசு வரவில்லை. எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க் கோயிலில், யார் யாருக்காக என்று பெயர் சொல்லி ஏற்றினாள். ஏற்றிவிட்டு மைதானத்துக்குப் போய் விசில் அடித்தாள்.

ஆத்தூர் அரையிறுதியை யாரோ யூடியூபில் நேரலையாகப் போட்டார்கள். கடைசி ரைடில் தமிழினி மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட, மைதானத்தோரம் நின்ற லாரி மேல் ஏறி நின்று வாயில் இரண்டு விரலை வைத்த ஜாக்குலின் முகம் திரை நிறையத் தெரிந்தது. மேலே காவி. பங்கின் வாட்ஸப் குழுவில் அந்தத் துண்டு வந்து விழுந்தது. அவ்வளவுதான், மோர் கொடுத்தவர்களெல்லாம் ஏமாந்து போனவர்களாக மாறினார்கள்.

சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். பிரான்சிஸும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் இல்லம்மா," என்றார் சாமியார். "ஜனங்க மனசு வருத்தப்பட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை வழியனுப்புப் பூசை. எல்லாரும் நன்மை அப்பம் வாங்கினதுக்கப்புறம் மைக்ல வந்து, தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அன்னிக்கே சான்றைக் குடுத்துடறேன்."

"அன்னிக்குச் சாயங்காலம் நாமகிரிப்பேட்டையில ஃபைனலாம்," என்றார் பிரான்சிஸ். "அதுக்கும் போகக் கூடாது."

"சொல்லலைன்னா?"

"பங்கு ஜனங்க ஒத்துக்காம நான் எப்படிம்மா சான்று தர முடியும்?"

வீட்டில் ஞானதாஸ் கெஞ்சாத குறை. "ஒரு வார்த்தைதான கண்ணு? சொல்லிட்டுப் போயிட்டே இரு. மலாவி பெருசா, கபடி பெருசா?"

"மலாவிதாம்ப்பா பெருசு."

"அப்புறம் என்ன?"

"தப்புன்னு ஒத்துக்கிட்டுப் போனா, சந்தோசமா இருந்தது தப்புன்னு ஆயிடும். அந்த நெனப்போட போயி நான் யாரை நடக்க வைக்கிறது?"

வீம்பு என்று ஞானதாஸ் திட்டினார். வீம்புதான், அதில் என்ன சந்தேகம்? ஆனால் அன்றைக்கு அவள் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்த படத்தில், மூங்கில் கழிகளை ஊன்றி வரிசையாக நிற்கும் ஆட்களை அவள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். யாருக்கு எந்த உயரத்தில் கால் வேண்டும் என்று மனசுக்குள் அளந்தும் வைத்திருந்தாள். அதை இழந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஜாக்குலின் தலையில் முக்காடு, கழுத்துவரை சால்வை. பிரான்சிஸ் மைக்கைச் சரிசெய்துவிட்டு அவள் பெயரைச் சொன்னார். அவள் முன்னால் வந்தாள். சால்வையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். உள்ளே காவிச் சட்டை. கோயிலுக்குள் சலசலப்பு எழுந்தது.

"நான் யாரையும் ஏமாத்தலீங்க. கபடிக்குப் போறன்னுதான் சொன்னேன், நீங்கதான் நம்பல. நீங்க குடுத்த திரியை ஒண்ணு விடாம ஏத்தியாச்சு. பிரான்சிஸ் மாமா, ஆண்ட்ரூஸுக்காக ஆத்தூர்லயும் ஏத்துனேன், அரூர்லயும் ஏத்துனேன். ஏத்திட்டுத்தான் விசில் அடிச்சேன். இன்னிக்குச் சாயங்காலமும் அடிப்பேன்." சால்வையை இன்னொரு மடிப்பு மடித்தாள். "தெனமும் காலில்லாதவங்களைத்தான் பாக்கறனுங்க. அந்தப் புள்ளைங்க ஓடறதைப் பாத்தாத்தான் மறுநாளைக்குத் தெம்பு வருது. மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுப் போறவளுக்குத்தான் சான்றுன்னா, எனக்கு வேண்டாங்க ஃபாதர். மலாவியே இல்லைன்னாலும் பரவாயில்ல."

பரவாயில்லை என்று வாய் சொன்னது. கண் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரு கைத்தடி சத்தம் கேட்டது. ஆரோக்கியம் அத்தை எழுந்துகொண்டிருந்தாள். முட்டியை நீட்டி, செயற்கைக் காலின் பூட்டைச் சரிபார்த்து நிமிர்வதற்கு அவளுக்கு நேரமாகும். ஊரே காத்திருந்தது.

"சாமி, காவின்னதும் நேர்ச்சைன்னு கதை கட்டுனது நானுங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மன்னிப்பு கேக்கணும்னா நான்தான் கேக்கணும். கேட்டுக்கறேன், எல்லாரும் மன்னிச்சிருங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவ செஞ்ச கால்ல நின்னுக்கிட்டு அவளை மண்டி போடச் சொன்னா எனக்கு அடுக்காதுங்க."

சாமியார் பிரான்சிஸைப் பார்த்தார். பிரான்சிஸ் தரையைப் பார்த்தார். "பங்குல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று சாமியார் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. அவர் கீழே இறங்கி வந்து, அந்தக் காவிச் சட்டையின் மேலேயே தொண்டுக்குப் போகிறவர்களுக்கு அணிவிக்கும் சிலுவையை மாட்டி, அவள் தலைமேல் கை வைத்தார்.

வெளியே வந்தால் வரிசை. வாட்ஸப்பில் அவளைக் கிழித்தவர்கள்தான், ஆளுக்கொரு மெழுகுத்திரியோடு நின்றார்கள். மலாவியிலும் மாதா கோயில் இருக்கும்தானே என்று கேட்டார்கள். மகளுக்குக் குழந்தை, மாமனாருக்கு மூட்டுவலி என்று வேண்டுதல்களைச் சொன்னார்கள். வேன் வந்து ஹாரன் அடித்தது. ஜாக்குலின் ஏறப் போகும்போது கடைசியாகப் பிரான்சிஸ் வந்தார். முகம் இன்னும் இறங்கித்தான் இருந்தது.

"ஆண்ட்ரூஸுக்கு இன்னும் வேலை கிடைக்கல," என்று திரியை நீட்டினார்.

ஜாக்குலின் வாங்கிப் பையில் வைத்தாள். "நாமகிரிப்பேட்டையில ஒண்ணு, மலாவியில ஒண்ணு, ரெண்டு எடத்துலயும் ஏத்தறேன் மாமா," என்றாள். "ரெண்டு எடத்துலயும் விசிலும் அடிப்பேன்."