வல்லூறா, காட்டுப்பூனையா

மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அம்மா, இந்தக் காட்டுப்பூனைய பாருங்க. எவ்வளவு அழகு!" துருப்பிடித்த நிறம், உடம்பெல்லாம் புள்ளி, என் கை நீளம்கூட இல்லை. அழகாம்! அதன் வேலை எனக்கல்லவா தெரியும்.

வத்தேகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் இருந்தபோது என் கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. இதே மகள் கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மை விருந்துக்கென்றே வளர்த்தேன். இரண்டைக் காணோம். "வல்லூறுதான்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஒன்று சொல்லிவிட்டால், துரையே வந்தாலும் மாற்ற மாட்டார்.

வல்லூறு கள்ளன்தான், ஆனாலும் மானமுள்ள கள்ளன். பட்டப்பகலில் வரும், ஒன்றைத் தூக்கும், போய்விடும். காட்டுப்பூனை அப்படியா? விடிந்த பிறகுதான் வந்து போனதே தெரியும். எத்தனை தரம் சொன்னேன்! கேட்டால்தானே.

குஞ்சுகளுக்கு ரோஸ் சாயம் பூசினார். நிறம் மாறினால் வல்லூறு கிட்டே வராதாம். லயத்தில் பலரும் செய்வதுதான்.

"ராவுல குஞ்சுகள மூடுற கூடைக்கு மேல ஒரு கல்ல வைங்க," என்றேன்.

"வல்லூறு ராவுல வருமா? சும்மா கெட."

மூன்றாம் நாள் காலை கூடை சரிந்து கிடந்தது. வாசலெல்லாம் ரோஸ் பூஞ்சிறகு. கோழி கூரைமேல் நின்று கத்தியது. விறகுக்கடியில் ஒரேயொரு குஞ்சு.

"ஏங்க, வல்லூறு கூடைய தள்ளுமா?"

"காத்து தள்ளியிருக்கும். விடியவும் வல்லூறு வந்திருக்கும்."

இந்த மனிதரோடு என்ன பேசுவது? அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து நிற்கிறோம், எங்கள் கண்முன்னே வல்லூறு இறங்கி மிஞ்சிய குஞ்சையும் தூக்கிக்கொண்டு போனது. அவர் துள்ளிக் குதித்தார். "பாத்தியா! நான் சொன்னேன்ல!" குஞ்சு போன கவலை முகத்தில் துளியும் இல்லை.

"அப்ப ஒங்க சாயம்?"

"சாயம் பத்தல."

விருந்துக்குச் சோயாக்கறி வைத்தேன். வந்தவர்கள் முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. மகள் மட்டும் வெள்ளை உடுப்பில் சிந்தாமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது அந்த லயத்தில் யாரும் கோழி வளர்ப்பதில்லை. கடையில் உரித்த கோழி கிடைக்கிறது. வல்லூற்றின் நிழல் வாசலில் ஓடினால் தாய்க்கோழி ஒரு சத்தம் போடும். குஞ்சுகள் அத்தனையும் சிறகுக்குள் மறைந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டே வருஷக்கணக்காகிறது.

அவரும் போய்விட்டார். கடைசியில் பாதர் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டுப் போனதும், "எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றார் என்னிடம்.

"பூனைய சொன்னீங்களா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அது வல்லூறுடி."