கொழும்புக் கடனும் குற்றாலத்துச் சூடமும்

கட்டி முடித்த கடனுக்கு உங்கள் வீட்டை எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? 1961-ஆம் வருஷம் எங்களிடம் அப்படித்தான் கேட்டார்கள். கேட்டவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, தென்காசியில் அரிசி ஆலை நடத்திய பெரிய மனிதர். பெரிய மனிதர் என்று ஊர்தான் சொன்னது. நான் ஒருநாளும் சொன்னதில்லை.

1951-இல் என் கணவர் கொழும்புக்குப் புறப்பட்டபோது, என் அப்பா எனக்குத் தந்த சின்ன வீட்டை அந்த ஆலைக்காரரிடம் ஈடு வைத்துத்தான் பணம் வாங்கினார். கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. பின்னால் நானும் போய்ச் சேர்ந்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்தக் கடனை முழுதாகச் சேர்த்தோம். அங்கிருந்து தபாலில் பணம் அனுப்ப ஆயிரம் கட்டுப்பாடு. அதனால் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். ரசீது கேட்டால் ஆளை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று யாரும் கேட்கமாட்டோம். அந்த மரியாதைதான் எங்கள் தலையில் விடிந்தது. கூட வேலை பார்த்த பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவர் பணத்தைக் கொண்டுபோய் ஆலைக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டதாகத் திரும்பி வந்து சொன்னார். பத்திரத்தை ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். பிறகு அந்த நல்ல மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். எங்களுக்கும் அங்கே தங்குவதற்கான அனுமதி முடிந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினோம்.

வந்த அன்றைக்கு வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். ஒருத்திக்குக் கொழும்பு சோப்பு வேண்டும், ஒருத்தருக்கு டார்ச் லைட் வேண்டும். என் நாத்தனார் பெட்டிக்குள் கையைவிட்டே பார்த்தாள். வீடு ஈட்டில் கிடக்கிறது என்று தெரிந்ததும் ஒரு ஈ காக்கை வாசல் பக்கம் வரவில்லை. சோப்பை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

என் கணவர் பத்திரம் கேட்கப் போனார். அவர் நல்லவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத நல்லவர். ஆலைக்காரர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, “எந்தப் பணம்? எவன் கொண்டாந்தான்? அவன வரச்சொல்லு பாப்போம்” என்றாராம். செத்தவனைச் சாட்சிக்குக் கூப்பிடும் துணிச்சலைப் பாருங்கள். ஆவணிக்குள் முதலும் வட்டியும் வரவேண்டும், இல்லாவிட்டால் வீடு அவருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை. கிணற்றைப் பார்த்தால்கூடக் கெட்ட நினைப்பு வந்தது. கையில் காசு இல்லை, கோர்ட்டுக்குப் போக வழி இல்லை. பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நம் சபையாரையும் சொல்லாமல் விடமாட்டேன். “ஒங்களுக்காக ஜெபிக்கோம்” என்று சொல்லாதவர் இல்லை. சொல்லிவிட்டு, கடன் கேட்டுவிடுவேனோ என்று அடுத்த தெரு வழியாகப் போனார்கள். நோகாமல் கொடுக்கக் கூடியது அந்த ஒரு ஜெபம்தான். அதையாவது ஒழுங்காகச் செய்தார்களோ என்னவோ.

இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் பஞ்சாயத்துப் பேசினார். “பணம் குடுத்தாச்சுன்னு நீங்க சூடத்த அணச்சுச் சத்தியம் பண்ணிருங்க. அதோட முடிஞ்சுது” என்றார். சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, அதைக் கையால் அணைத்துச் சொன்ன சொல் எங்கள் பக்கத்தில் கோர்ட்டுத் தீர்ப்புக்கும் மேல். பொய் சொன்னால் வம்சம் தழைக்காது என்று பயம்.

என் கணவர் மெல்ல, “ஒரு சூடந்தான, அணச்சிட்டு வந்திருதேன்” என்றார். சபையில் பெரிய பதவியில் இருந்த ஒருவரும், “பண்ணிட்டு வந்து அழுது மன்னிப்புக் கேட்டுக்கிடுங்க” என்று யோசனை சொன்னார். ஆண்டவரை என்ன கிள்ளுக்கீரை என்று நினைத்தாரோ! சத்தியம் பண்ணி ஆணையிடுவது வேதப்படி நமக்கு ஆகாது என்று பிரசங்கம் செய்த அதே வாய்.

“அணச்சிட்டு வீட்டுப்பக்கம் வந்துராதிய” என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி முழங்காலில் நின்றேன். பெரிய ஜெபம் எல்லாம் வரவில்லை. “ஆண்டவரே, நான் ஆணையிட மாட்டேன். உண்மை உமக்குத் தெரியும். நீர் பேசும்” என்று மட்டும் அழுதேன். அழுது எழுந்தபோது என் மனசில் ஒரு வார்த்தை நின்றது. பஞ்சாயத்தில் போய் அதைச் சொன்னேன்.

“நாங்க சத்தியம் பண்ண மாட்டோம். ஆலை அண்ணாச்சி அவுக சாமி முன்னால சூடத்த அணச்சு, பணம் வரலன்னு சொல்லட்டும். சொல்லிட்டா வீட்ட எழுதிக் குடுத்துருதோம்.”

ஆலைக்காரர் சிரித்தார். சாரல் காலம் ஆகையால் அவர் குடும்பத்தோடு குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்கி, தினமும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கோயில் வாசலுக்கு வரச்சொன்னார். நாலு பேர் பார்க்கவேண்டுமாம்.

அதுதான் அவர் செய்த முட்டாள்தனம். ஆடிச் சாரலில், திறந்த வெளியில், குற்றாலத்தில் சூடம் கொளுத்துகிறவன் யார்? ஏற்றினார்கள், அணைந்தது. புதுக் கட்டி வைத்து ஏற்றினார்கள், காற்று ஊதிவிட்டது. வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “ஏலே, கொடைய நேராப் பிடிலே!” என்று வேலையாளை அதட்டினார் ஆலைக்காரர். தாம்பாளத்தைக் குடைக்குக் கீழே தள்ளி வைத்து ஒருவழியாக ஏற்றிவிட்டார்கள். சூடம் நின்று எரிந்தது. என் வயிறும் எரிந்தது. வீடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் கையை நீட்டினார். அப்போது ஈரச் சேலையோடு ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் மனைவி ஆவுடையம்மாள்.

“கைய எடுங்க. மக நெறமாசமா இருக்கா. ஒங்க பொய்க்கு எம்புள்ள வயித்தக் குடுக்க மாட்டேன்.” அந்த அம்மா பஞ்சாயத்து அண்ணாச்சியைப் பார்த்துத் திரும்பினார். “அந்தப் பணம் வந்துச்சு அண்ணாச்சி. பாவூர்சத்திரத்துக்காரர் எங்கைலதான் குடுத்தாரு. நாந்தான் வாங்கி இவுக கைல குடுத்தேன்.”

ஆலைக்காரர், “போடி உள்ள” என்றார். ஆவுடையம்மாள் போகவில்லை. சூடம் எரிந்து முடிகிறவரை கையை விடவும் இல்லை. மறுநாள் பத்திரம் ஆள்மூலம் வந்தது. பெரிய மனிதருக்கு நேரில் வர முகம் இல்லை.

இந்தச் சாட்சியைச் சபையில் சொல்லப்போகிறேன் என்றதும் நம் உபதேசியார், “சூடத்த மட்டும் விட்டுட்டுச் சொல்லுங்க” என்றார். எதற்கு விடவேண்டும்? எனக்கு வீடு கிடைத்தது அந்த அம்மா சூடத்துக்குப் பயந்ததால்தான். சபையில் இத்தனை பேர் இருந்தும் ஆண்டவர் எனக்காகப் பேச அந்த அம்மாவின் வாயைத்தான் எடுத்துக்கொண்டார். நமக்கு ரோஷம் இருந்தால் வெட்கப்படவேண்டும்.

அதற்குப் பிறகு என் ஜெபம் மாறிப்போனது. முன்பெல்லாம் எனக்கு, என் பிள்ளைகளுக்கு என்றுதான் வரும். இப்போது வேறொரு நினைப்பு வந்து மறிக்கிறது. அன்றைக்கு நாங்கள் ஆண்டவரைத் துதித்துக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினோம். அந்த அம்மா அதே மனிதருக்குப் பின்னால் அதே வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தியதைப் பார்த்தேன். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். உள்ளே அந்த அம்மா பட்டது என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கடனில் கிடக்கிறவர்களே, பொய்க்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களே, பயப்படாதீர்கள். ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள். யாரை அனுப்புவது என்று அவருக்குத் தெரியும், நம்மைக் கேட்கமாட்டார். எனக்காக ஜெபிக்கிறோம் என்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதலில் ஆவுடையம்மாள் என்று பேர் சொல்லி ஜெபியுங்கள். அந்தப் பேரைச் சொல்ல வாய் கூசுகிறவர்கள், தயவுசெய்து எனக்காகவும் ஜெபிக்கவேண்டாம்.